உப்புத் தண்ணியோட மேட்ச் டிரா!

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில பைக்கை நிறுத்திட்டு மதகைப் பார்த்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? ஏரித் தண்ணி மதகு, பெரிய வாய்க்கால், சின்ன வாய்க்கால்னு அடங்கி அடங்கித்தான் வயலுக்குப் போகணும். மொத்த வேகமும் நேரா சின்ன வாய்க்கால்ல இறங்கினா? கரை வீங்கும்... உடையும்!

சிலரோட உடம்புக்குள்ள இதுதான் நடக்குது. தமனிக்கும் சிரைக்கும் நடுவுல ரத்த வேகத்தை அடக்குற நுண்குழாய்கள் சில இடங்கள்ல இருக்காது. ரத்தம் நேரா பாய, மெல்லிய குழாய் வீங்கி உடையும். முக்கியமா மூக்குல. ‘ஹெச்.ஹெச்.டி’ங்கிற இந்தப் பரம்பரை நோய் உலகத்துல சுமார் 5,000 பேர்ல ஒருத்தருக்கு இருக்கு. அப்பா, அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவிகித சான்ஸ்.

‘சூட்டு உடம்பு, சில்லுமூக்கு உடைஞ்சிருச்சு’ன்னு நம்ம வீட்டுல ஈஸியா சொல்லிடுவாங்க. ஆனா, இவங்களுக்கு அது வாரத்துக்குப் பல தடவை. ரத்தசோகை வர்ற அளவுக்கு!

நாலு பாட்டில்... ஒரு ரகசியம்!

மூக்குல ரத்தம் வந்தா மூக்குலயே மருந்தை அடிச்சா என்ன? 2011-ல் இருந்து 2014 வரை அமெரிக்காவில் ஆறு மையங்கள்ல 121 பேரை வெச்சு டெஸ்ட் பண்ணாங்க. நாலு வகை ஸ்பிரே. முதலாவது, கேன்சருக்குக் கொடுக்கிற பெவாசிசுமாப். ரெண்டாவது, எஸ்ட்ரியால் ஹார்மோன். மூணாவது, உறைஞ்ச ரத்தம் கரையாம காக்கிற டிரானெக்ஸாமிக் ஆசிட். நாலாவது... வெறும் உப்புத் தண்ணி!

யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தினம் ரெண்டு வேளை, 12 வாரம். ரத்தம் வந்தா டைரியில எழுதணும்.

2016-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழ்ல ரிசல்ட் வந்தது. வாரத்துக்கு எத்தனை தடவை ரத்தம்? மருந்து வரிசைப்படி 7, 8, 7.5. உப்புத் தண்ணிக்கு 8. கிட்டத்தட்ட டிரா!

இன்னொரு ஆச்சர்யம், நோயின் தீவிரம் நாலு குரூப்லயுமே குறைஞ்சிருந்தது. மூக்கு ஈரமா இருந்தது காரணமா இருக்கலாம், கூடுதல் கவனிப்பும் காரணமா இருக்கலாம். நாலாவது பாட்டில் இல்லைன்னா, ‘மருந்து சூப்பர்’னு விலை உயர்ந்த ஸ்பிரேயை எல்லார் தலையிலயும் கட்டியிருப்பாங்க!

அப்போ டெஸ்ட் வேஸ்ட்டா? இல்லவே இல்லை. 2020 சர்வதேச வழிகாட்டுதல், மூக்கை ஈரமா வெச்சுக்கிறதையே முதல் படியா சொல்லுது. 2024-ல் பொமாலிடோமைட் மாத்திரை ரத்தக்கசிவைக் குறைக்குதுன்னு நிரூபணம் ஆச்சு. அதுவும் டம்மி மாத்திரையோட மோதி ஜெயிச்சதுதான்!

பாக்ஸ்: ‘ஸ்டடியில சேர்றீங்களா?’

பூந்தமல்லி ரோட்டுல மெடிக்கல் காலேஜுக்குப் பஞ்சமில்லை. நாளைக்கு உங்களையோ, உங்க வீட்டுல ஒருத்தரையோ மருந்து ஆய்வுக்குக் கூப்பிடலாம். அப்போ...

* ஆய்வு சி.டி.ஆர்.ஐ-யில் பதிவாகியிருக்கான்னு பாருங்க. 2009-ல் இருந்து மருந்துச் சோதனைகளுக்கு இது கட்டாயம்.

* டம்மி குரூப் உண்டான்னு கேளுங்க. ஒப்புதல் படிவத்தைப் படிச்சு, ஒரு காப்பி வாங்குங்க.

* எப்போ வேணும்னாலும் விலகலாம். பாதிப்பு வந்தா சிகிச்சை, இழப்பீடு பத்தி 2019 விதிகள் பேசுது.

* அடிக்கடி மூக்குல ரத்தம், உதடு-நாக்கு-விரல் நுனியில சிவப்புப் புள்ளி, வீட்டுல இன்னொருத்தருக்கும் அப்படியா? சூடுன்னு விட்டுடாதீங்க. இ.என்.டி டாக்டர்கிட்ட குடும்பக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்க!