பைரவி வீட்டு வாயிற்கதவு

திரைக்கதை எழுதிப் பழகும் மாணவர் பலர், பாத்திரத்தை அறிமுகம் செய்யுமிடத்தில் 'வயது 25, அழகன், நல்லவன்' என்றெழுதி நிறுத்திவிடுவதைக் காண்கிறோம். அழகைக் கேமரா காட்டிவிடும். நல்லவன் என்பதை எதைக் கொண்டு காட்டுவது?

கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' (1975) இங்கு நினைவுகூரத்தக்கது. பாடகி பைரவியை, அவளினும் இளையவனாகிய பிரசன்னா விரும்புகிறான். அவ்வுறவு எங்குச் சென்று முடியுமோ என நாம் எண்ணியிருக்கையில், தாடியும் கோட்டுமாக ஒருவன் அவள் வீட்டு வாயிற்கதவைத் தள்ளித் திறக்கிறான். அவளைப் பிரிந்துசென்ற கணவன் பாண்டியன் அவன். அது நமக்குப் பின்னரே தெரியவருகிறது. எனினும், அக்கதவு திறந்த கணமே அவ்வீட்டின் அமைதி குலையப்போவதை உணர்ந்துவிடுகிறோம். அடைமொழி எதுவும் தேவைப்படவில்லை.

ரஜினிகாந்தின் முதற்படம் இதுவே. ஆதலின் அன்று கொட்டகையில் இருந்தோர் கண்டது பாண்டியனை மட்டுமே. பின்னாளில், முதலிற் கால், பிறகு கை, இறுதியில் முகம் என நாயகனைக் காட்டிப் பாட்டொன்றையும் சேர்க்கும் வழக்கம் பெருகிற்று. கைதட்டலுக்கு அது போதும். ஆனால் அங்கு அறிமுகமாவது நடிகரே.

'அழகன்' என்பதை அடித்துவிட்டு, அவன் முதலில் என்ன செய்கிறான் என எழுதிவருமாறு மாணவரிடம் கூறிவருகிறோம். அடைமொழியை விட மனமில்லாதோர் இன்னும் உளர்.