கால் மைல் ஓட்டமும் பழைய கார்களும்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் வளைந்து செல்லும் பாதையைப் பலமுறை சுற்றிவரும் கார்களே நேயர்களின் நினைவுக்கு வரும். ஐக்கிய அமெரிக்காவில் தோன்றி வளர்ந்த ‘டிராக் ரேஸ்’ என்னும் பந்தயமோ வேறு வகையினது. அதில் வளைவு இல்லை, சுற்றும் இல்லை. பாதை நேரானது; அதன் நீளம் கால் மைல், அதாவது 1,320 அடி. இரண்டு கார்கள் அருகருகே நின்று, நின்ற நிலையிலிருந்தே புறப்படுகின்றன. எல்லையை முதலில் கடப்பது அடுத்த சுற்றுக்குச் செல்லும், மற்றது விலகிவிடும். கடைகளில் விற்கப்பட்ட கார்களைக் கொண்டு 1960-களின் தொடக்கத்தில் நடந்த ஓட்டங்கள் பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினைந்து செக்கன்களுக்குள் முடிந்தன. அத்துணைச் சிறு பொழுதில் முடிந்துபோனவற்றை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அன்போடு நினைவுகூர்வோர் இருக்கின்றனர். அதன் காரணம் யாது என்பதே இங்கு ஆராயப்படுவது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், கலிபோர்னியாவில் இளைஞர்கள் பழைய கார்களைத் திருத்தி, வேகம் பார்க்கத் தொடங்கினர். சிலர் வறண்ட ஏரிப் படுகைகளுக்குச் சென்றனர். வேறு சிலர் பொதுத் தெருக்களிலேயே இரவில் போட்டியிட்டனர். அதனால் உயிர்ச்சேதம் நேர்ந்தது. பொதுமக்களின் வெறுப்பும் வளர்ந்தது. இளைஞர்களைத் தண்டிப்பதால் மட்டும் பயன் விளையாது, அவர்களுக்குத் தகுந்த இடமும் ஒழுங்கான விதிகளும் வேண்டும் என்று கருதியவர் வாலி பார்க்ஸ் என்னும் பத்திரிகை ஆசிரியர். அவர் 1951-ஆம் ஆண்டில் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். போர்க்காலத்தில் அமைக்கப்பட்டுப் பின்னர் பயனின்றிக் கிடந்த விமான ஓடுபாதைகள் பல பந்தயக் களங்களாயின. 1955-ஆம் ஆண்டில் முதலாவது தேசியப் போட்டி கன்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டு நகரில் தொடங்கியது. மழை குறுக்கிட்டமையால் அதன் இறுதி ஓட்டங்கள் அரிசோனா மாநிலத்தில் நடத்தி முடிக்கப்பட்டன.

இப்பந்தயத்தில் பல வகுப்புகள் உண்டு. அவற்றுள் சாதாரண மனிதனுக்கு மிக நெருங்கியது ‘ஸ்டாக்’ வகுப்பு. தொழிற்சாலை எவ்வாறு செய்து விற்றதோ அவ்வாறே கார் இருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. கனமான காரையும் இலகுவான காரையும், வலிய எஞ்சினையும் எளிய எஞ்சினையும் ஒன்றாக ஓடவிடுவது நீதியாகாது. ஆகவே, காரின் நிறையை எஞ்சினின் பரிவலுவால் வகுத்து, கிடைத்த ஈவின்படி வகுப்புகள் பிரிக்கப்பட்டன. உதாரணமாக, 3,600 இறாத்தல் நிறையும் 300 பரிவலுவும் உடைய காரில் ஒரு பரிவலு 12 இறாத்தலை இழுக்கவேண்டும். அதே நிறையுடைய காருக்கு 200 பரிவலு மட்டுமே இருப்பின் ஒரு பரிவலு 18 இறாத்தலை இழுக்கவேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு வகுப்பைச் சேர்ந்தவை. இம்முறையால், பெருஞ்செல்வம் இல்லாதவரும் தம் குடும்பக் காரைக் கொண்டுவந்து, தமக்கு நிகரானவரோடு போட்டியிட முடிந்தது.

விதி எளிது, அதனைக் காப்பதோ எளிதன்று. வென்ற காரின் எஞ்சின் பந்தயம் முடிந்ததும் கழற்றப்பட்டு, சிலிண்டரின் விட்டம் முதலியன அளந்து பார்க்கப்பட்டன. அளவு பிசகினால் வெற்றி பறிபோகும். ஆயினும் தொழிற்சாலை ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சிறு ஏற்றத்தாழ்வை அனுமதித்திருந்தது. அவ்வெல்லைக்குள் மிகச் சிறந்த அளவைத் தேடி, ஒவ்வோர் உறுப்பையும் பொறுமையோடு பொருத்துவதிலேயே வல்லவர்களின் திறன் அடங்கியிருந்தது. தொழிற்சாலைகளும் சூழ்ச்சி அறியாதன அல்ல. பரிவலுவைக் குறைத்துச் சொன்னால் கார் எளிய வகுப்பில் சேரும் என்பதை அவை நன்கு உணர்ந்திருந்தன. 1968-இல் வந்த போர்ட் மஸ்டாங் காரின் 428 கன அங்குல எஞ்சினுக்கு 335 பரிவலு என்றே குறிக்கப்பட்டது. உண்மை வலு அதனினும் மிகுதி என்பதைப் பந்தயக் களமே காட்டிவிட்டது. இத்தகைய எண்களைச் சங்கம் தானே திருத்தி மதிப்பிட வேண்டியதாயிற்று.

ஓட்டுநர்களுள் டொன் நிக்கல்சன் குறிப்பிடத்தக்கவர். எஞ்சினின் வலுவை அளக்கும் டைனமோமீட்டர் கருவியைக் கையாள்வதில் தேர்ந்தவராதலால் ‘டைனோ’ என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கலிபோர்னியாவின் பொமோனா நகரில் 1961-இலும் 1962-இலும் நடந்த குளிர்காலப் போட்டிகளில் அவர் செவ்ரோலே காரில் ஸ்டாக் பட்டத்தை வென்றார். இலினாய் மாநிலத்து ஆர்னி பெஸ்விக் உண்மையிலேயே ஓர் உழவர். பொன்டியாக் கார்களை ஓட்டிப் புகழ்பெற்ற அவரை ‘உழவர்’ என்றே மக்கள் அழைத்தனர். பென்சில்வேனியாவில் பில் ஜென்கின்ஸ் எஞ்சினைச் செப்பனிட, டேவ் ஸ்டிரிக்லர் காரை ஓட்டினார். கிரைஸ்லர் நிறுவனப் பொறியியலாளர் சிலர் ‘ராம்சார்ஜர்ஸ்’ என்னும் கழகமாகக் கூடி, ஓய்வு நேரத்தில் பந்தயக் கார்களை உருவாக்கினர். 1966-இல் பொமோனாவில் பிளிமத் காரை ஓட்டி ஸ்டாக் பட்டத்தை வென்ற ஷர்லி ஷாஹான், அச்சங்கத்தின் தேசியப் போட்டியொன்றில் வென்ற முதற் பெண்மணியாவார்.

ஞாயிறன்று வெல்லும் கார் திங்களன்று விற்கும் என்பது அக்கால வணிகரின் நம்பிக்கை. ஆதலின் நிறுவனங்கள் பந்தயத்துக்கென்றே தனிக் கார்களைச் செய்யத் தலைப்பட்டன. 1964-இல் போர்ட் நிறுவனம் ‘தண்டர்போல்ட்’ என்னும் காரை ஏறக்குறைய நூறு மட்டுமே செய்தது. அடுத்த ஆண்டில் சில கார்களின் அச்சுகளே முன்னோக்கி நகர்த்தப்பட்டன. கடையில் வாங்கும் காருக்கும் களத்தில் ஓடும் காருக்கும் உள்ள உறவு இவ்வாறு தளர்ந்தது. எனினும் ஸ்டாக் வகுப்பு அழியவில்லை. அது இன்றும் நடைபெற்று வருகின்றது.

அழிந்தவை பெரும்பாலும் அக்காலக் கார்களே. ஆண்டுதோறும் புதிய கார் வந்தமையால் பழையதற்கு மதிப்பிருக்கவில்லை. எஞ்சினைக் கழற்றி எடுத்தனர், கதவில் எழுதியிருந்த பெயரின்மீது வேறு நிறம் பூசினர், விற்றுவிட்டனர். சில கார்கள் மீண்டும் தெருவில் ஓடித் தேய்ந்தன. சில வயலோரக் கொட்டகைகளில் துருவேறின. 1955-இல் கலிபோர்னியாவின் வில்மிங்டன் பகுதியில் திறக்கப்பட்ட லயன்ஸ் பந்தயக் களமும் 1972-இல் மூடப்பட்டது.

ஆர்வலர்கள் இன்று தேடுவது இவற்றின் எச்சங்களையே. மேற்பூச்சை மெல்லத் தேய்த்து எடுக்கும்போது பழைய எழுத்துகளின் சுவடு சிலவேளை வெளிப்படுகின்றது. சட்டத்தின் இலக்கம், உலோகத்தில் இட்ட துளைகள், பழைய புகைப்படங்கள் ஆகியவற்றை ஒப்புநோக்கி, இன்ன கார் இன்னாருடையது எனத் துணிகின்றனர். இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. புகழ்பெற்ற கார் என்றால் விலை பன்மடங்கு உயரும். ஆதலால் புதிதாகச் செய்த போலியை மூலம் என்று கூறி விற்போரும் தோன்றினர். போலியைப் போலி என்று வெளிப்படையாகச் சொல்லி ஓட்டுவதில் குற்றமில்லை, மறைப்பதே குற்றம். அளந்து பார்த்து வெற்றியை உறுதிசெய்த ஒரு விளையாட்டின் வரலாறு பொய்யின்மேல் நிற்றல் தகாது அன்றோ!

ஆவணங்கள் கூறாதவற்றை அறிந்தவர்கள் அக்கால ஓட்டுநரும் அவர்தம் துணைவருமே. எந்த கியரை எந்த வேளையில் மாற்றினர், எந்த உறுப்பு எங்கே உடைந்தது, இரவோடிரவாக அதனைத் திருத்தியவர் யார் என்பன அவர்களின் நினைவில் மட்டும் உள்ளன. நிக்கல்சன் 2006-இலும் ஜென்கின்ஸ் 2012-இலும் காலமாயினர். புளோரிடாவின் ஒகாலா நகரிலும் பொமோனாவிலும் இப்பந்தயத்துக்கென அரும்பொருட்சாலைகள் உள்ளன. அவை காரைக் காப்பாற்றும். அதனை ஓட்டியவரின் சொல்லைக் கேட்டு எழுதிவைக்கும் பணியோ காலந்தாழ்த்தாது செய்தற்குரியது.