உறையின் மேல் உள்ள விலாசம்

‘சர்வர் டவுன்’ என்ற பதிலை ஒருமுறையேனும் கேட்காத வங்கி வாடிக்கையாளர் நம் நாட்டில் மிகச் சிலரே இருப்பர். ஆனால் தொலைவிலுள்ள சர்வர் நலமாகவே இருக்க, கோளாறு நாம் நிற்கும் அறைக்குள்ளேயே இருப்பதும் உண்டு. கழன்று கிடக்கும் கேபிளின் இரு முனைகளையும் யாரோ நல்லெண்ணத்துடன் ஒரே சுவிட்சில் செருகிவிட்டால் போதும். தடுப்பு வசதியற்ற எளிய சுவிட்சாயின், அனைவருக்குமான அறிவிப்புச் செய்திகள் அவ்வளையத்தில் ஓயாது சுழன்று, சில நொடிகளில் அலுவலகத்தின் கணினிகள் அனைத்தையும் திணறடிக்கும். கம்பிக்குள் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்ட மென்பொருள் வேண்டும்.

இத்துறை வளர்ந்ததும் இத்தகைய தடங்கல்களால்தான். 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் 400 கஜம் தள்ளியிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடையே, நொடிக்கு 32,000 பிட் வேகத்தில் சென்ற தகவல் 40 பிட்டாகச் சரிந்தது. அதாவது நொடிக்கு ஐந்து ஆங்கில எழுத்துகள்; ஆள்வழிக் கொடுத்தனுப்பியிருக்கலாம்! காரணத்தை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், நெரிசலைத் தணிக்கும் முறைகளை 1988இல் வெளியிட்டார். அவரும் கிரெய்க் லெரஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோரும் அந்த ஆய்வகத்தில் உருவாக்கிய ‘டிசிபிடம்ப்’ என்னும் மென்பொருள், கம்பிவழிச் செல்லும் தரவுப் பொதிகளின் சுருக்கத்தை வரிவரியாகத் திரையில் காட்டியது.

பொதி என்பது அஞ்சல் உறை போன்றது. மேலே அனுப்புநர், பெறுநர் விலாசங்கள். உள்ளே, ஈதர்நெட் வலையமைப்பில் வழக்கமாக 1,500 பைட் வரை செய்தி. இவற்றைப் பிடிப்பதைவிட, வேண்டாதவற்றை விரைந்து விடுவதே மென்பொருள் எழுதுவோரின் பெரும்பாடு. நொடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள கம்பி நிரம்பி ஓடினால் ஒரு மணி நேரத்தில் 450 கிகாபைட் சேரும். மிகச் சிறிய பொதிகளே வந்தால், நொடிக்கு ஏறத்தாழ 14.88 லட்சம் வரும். ஒரு நொடியைக் கோடிக் கூறாக்கினால் ஒரு பொதிக்கு ஏழு கூறுகூடக் கிடைக்காது. எனவே மெக்கேனும் ஜேக்கப்சனும் 1993இல் விவரித்த வடிகட்டி, இயங்குதளத்தின் உள்மையத்திலேயே அமர்ந்து, கேட்ட பொதிகளை மட்டும் மேலே அனுப்பியது. அக்கருத்தின் வழிவந்தவை இன்றும் லினக்ஸ் கணினிகளில் இயங்குகின்றன.

பிடித்த பொதியைப் பொருள் விளங்கப் பிரித்துக் காட்டுவது அடுத்த வேலை. ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் பணியாற்றிய ஜெரால்ட் கோம்ப்ஸ், விற்பனையிலிருந்த கருவிகளின் விலை கட்டுப்படியாகாமல் தாமே எழுதி 1998இல் வெளியிட்ட ‘ஈதீரியல்’, 2006 முதல் ‘வயர்ஷார்க்’ எனப்படுகிறது. கட்டணமில்லாத இம்மென்பொருளைப் பல நாட்டவர் சேர்ந்து வளர்த்து வருகின்றனர். நம் கேபிள் வளையத்தை இதில் பார்த்தால், ஒரே பொதி ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். அதைக் கண்ட பொறியாளர் சர்வரைத் தேடமாட்டார், மேசைக்கடியில் குனிவார்.

இத்தகைய கருவி நம் கடவுச்சொல்லையும் காட்டாதா என வாசகர் கேட்கலாம். முன்பு பல சேவைகளில் காட்டியது. அவை உறையிடாத அஞ்சலட்டைகளாகவே சென்றன. இன்று வங்கிப் பரிமாற்றங்கள் மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்வதால், கண்காணிப்பவருக்குத் தெரிவது பெரும்பாலும் விலாசமும் நேரமும் அளவுமே. பாதுகாப்புக்கு அதுவே பெரிதும் உதவுகிறது. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஓர் அலுவலகக் கணினி, இதுவரை தொடர்பில்லாத விலாசத்திற்குப் பெருமளவு தகவல் அனுப்பினால், உறையைப் பிரிக்காமலேயே ஐயம் எழுந்துவிடும்.