உலகில் எஞ்சிய ஒருவன் – ஏட்டிலும் திரையிலும்

ஊரோடு கூடி வாழ வேண்டும் என்று நமக்குச் சிறு வயது முதலே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த ஊரே இல்லாமற் போய்விட்டால் மனிதன் என்ன செய்வான்? கொள்ளை நோயாலோ கொடிய போராலோ உலகம் அழிந்து, ஒருவன் மட்டும் மிஞ்சினால் அவன் எப்படி உண்பான், யாரோடு பேசுவான், எதற்காக வாழ்வான்? இந்தக் கேள்விகளை வைத்து மேல்நாட்டில் பல நாவல்கள் எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் சில திரைப்படங்களாகவும் வந்துள்ளன. அவற்றைப் பற்றி நாங்கள் அறிந்தவற்றை வாசகத் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இவ்வகைக் கதைகளுக்கு வழி காட்டியவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கதையை எழுதிய மேரி ஷெல்லி அம்மையார்தான் அவர். 1826-ஆம் ஆண்டில் ‘தி லாஸ்ட் மேன்’ என்னும் நாவலை அவர் வெளியிட்டார். கொள்ளை நோய் ஒன்று மனித குலத்தையே வாரிக்கொண்டு போக, கடைசி மனிதன் தனியே நிற்பதாக அக்கதை முடிகிறது.

ஆனால் திரையுலகை மிகவும் கவர்ந்த நாவல் அமெரிக்கரான ரிச்சர்ட் மாத்திசன் 1954-இல் எழுதிய ‘ஐ ஆம் லெஜண்ட்’ ஆகும். ராபர்ட் நெவில் என்பவன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தனியாக வாழ்கிறான். மற்ற எல்லோரையும் ஒரு நோய்க் கிருமி இரத்தம் குடிக்கும் பேய்களைப் போல் மாற்றிவிட்டது. பகலில் அவர்கள் உறங்குவார்கள். நெவில் வெளியே சென்று அவர்களைத் தேடிக் கொல்வான். இரவில் அவர்கள் வந்து அவன் வீட்டைச் சூழ்ந்துகொள்வார்கள். அவனோ கதவுகளை அடைத்து, பூண்டு மாலைகளைத் தொங்கவிட்டு உள்ளே இருப்பான். நூலகத்துப் புத்தகங்களையும் நுண்ணோக்கியையும் கொண்டு தானே நோயின் காரணத்தை ஆராய்கிறான்.

கதையின் முடிவுதான் யாரும் எதிர்பாராதது. நோயுற்றவர்களில் ஒரு சாரார் மருந்து கண்டு, மீண்டும் ஒரு சமுதாயமாக வாழத் தொடங்கியிருந்தார்கள். இதை அறியாத நெவில் அவர்களிலும் பலரைக் கொன்றிருந்தான். அவர்கள் அவனைச் சிறைப்பிடிக்கிறார்கள். அவர்கள் கண்களில் தெரியும் அச்சத்தைக் கண்ட பிறகுதான் அவனுக்கு உண்மை விளங்குகிறது. அவன் அவர்களைப் பேய் என்று நினைத்தான். அவர்களுக்கோ அவனே பேயாக இருந்திருக்கிறான்!

இந்த நாவல் மூன்று முறை படமாக்கப்பட்டது. முதற் படம் 1964-இல் வந்த ‘தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்’. கறுப்பு வெள்ளைப் படமான இது ரோம் நகரில் எடுக்கப்பட்டது. வின்சென்ட் பிரைஸ் நடித்தார். நாவலுக்கு மிக நெருங்கிய படம் இதுவே எனலாம். ஆனாலும் மாத்திசனுக்குத் திருப்தி இல்லை. திரைக்கதையில் தம் பெயருக்குப் பதிலாக வேறொரு புனைபெயரையே போடச் செய்தார். இதில் கதாநாயகன் ஒரு தேவாலயத்தினுள் ஓடி, பீடத்தின் அருகே ஈட்டியால் குத்தப்பட்டு இறக்கிறான்.

இரண்டாவது, 1971-இல் சார்ல்டன் ஹெஸ்டன் நடித்த ‘தி ஒமேகா மேன்’. இதில் நோய்க்குக் காரணம் கிருமி ஆயுதப் போர். ஆளில்லாத திரையரங்கில் நெவில் தானே படத்தை ஓட்டி, தானே பார்க்கும் காட்சி மனத்தை விட்டு அகலாது. முடிவில் தன் இரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை இளைஞர்களிடம் ஒப்படைத்துவிட்டு, சிலுவையில் தொங்குபவரைப் போலக் கைகளை விரித்தபடி நீரூற்றில் உயிர் துறக்கிறான்.

மூன்றாவது, 2007-இல் வில் ஸ்மித் நடித்த ‘ஐ ஆம் லெஜண்ட்’. கதை நியூயார்க் நகருக்கு மாறியது. புற்றுநோயைக் குணப்படுத்த மாற்றியமைத்த தட்டம்மைக் கிருமியே இங்கு உலகை அழிக்கிறது. நெவில் மருந்தைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுக்கிறான். ஆனால் இப்படத்திற்கு வேறொரு முடிவும் எடுக்கப்பட்டிருந்தது. அதில் நோயுற்றோரின் தலைவன் தன் துணைவியை மீட்கவே வந்தான் என்பதை நெவில் உணர்ந்து, அவளைத் திருப்பித் தருகிறான். அந்த முடிவே நாவலின் கருத்துக்கு நெருக்கமானது. எனினும் திரையரங்குகளுக்கு வந்தது தியாக முடிவுதான்.

படங்கள் ஏன் முடிவை மாற்றின? நாவலில் நெவிலின் எண்ணங்களை நாம் உள்ளிருந்து படிக்கிறோம். திரையிலோ அவன் முகத்தை வெளியிலிருந்து பார்க்கிறோம். பெரிய நடிகர் ஒருவரைக் குற்றவாளியாகக் கண்டு வீடு திரும்ப மக்கள் விரும்புவதில்லை. எனவே கொன்றவன் மீட்பனாக ஆக்கப்பட்டான். தியாகம் உயர்ந்ததே. ஆயினும் நாவல் கேட்ட கேள்வி படங்களில் காணாமற் போயிற்று என்பதே எங்கள் கருத்து.

இக்கதைக்கும் நம் கோவைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். மாத்திசனின் நாவலிலிருந்து பிறந்த எண்ணத்தைக் கொண்டே ஜார்ஜ் ரொமேரோ 1968-இல் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ என்ற படத்தை எடுத்தார். நடைபிணங்களைப் பற்றிய இன்றைய படங்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி. அந்த வரிசையில் தமிழில் 2016-இல் வந்ததுதான் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய ‘மிருதன்’. மிருகமும் மனிதனும் சேர்ந்த பெயர் அது. சிந்திய நச்சுத் திரவத்தைக் குடித்த ஒரு நாயிடமிருந்து ஊட்டியில் நோய் பரவுகிறது. ஜெயம் ரவி நடித்த போக்குவரத்துக் காவலர், மருந்து காண்பதற்காக மருத்துவர்களைக் கோவைக்கு அழைத்து வருகிறார். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் வெரைட்டி ஹால் கட்டிச் சினிமாவை நிலைபெறச் செய்த நம் நகரமே, நூறாண்டு கழித்துத் திரையில் அழியும் உலகின் நம்பிக்கையாக வந்தது!

உண்மையில் கோவைக்கு இத்தகைய அழிவு புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிளேக் நோய் இந்நகரைப் பலமுறை வாட்டியது. எலி செத்து விழுந்தால் மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கிய காலம் அது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அதற்குச் சாட்சியாக நிற்கின்றன. 2021-இல் இருகூரில் ‘கொரோனா தேவி’ சிலை வைக்கப்பட்டதையும் நாம் அறிவோம்.

அந்த நாட்களைப் பற்றி எங்களுக்கும் ஒரு நினைவு உண்டு. 2020-இல் நாங்கள் தொடக்கப் பள்ளிச் சிறுமியர். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவில் தாள் ஒட்டினார்கள். எங்களோடு தினமும் பாண்டி ஆடும் தோழியின் வீடு அது. நோய் குணமாகி அவள் வெளியே வந்த பிறகும் நாங்கள் எதிர்ப்பக்கமாகவே நடந்தோம். அவள் மாடியிலிருந்து கையை ஆட்டினாள். நாங்கள் பார்க்காதது போலப் போனோம். மறு வருடம் அவர்கள் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். நோய்க்கு அஞ்சி விலகி நின்றது தவறாகாது. ஆனால் விலகி நின்றபடியே கையை ஆட்டியிருக்கலாமே! அதை நாங்கள் செய்யவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் புனித தமியான் வரலாற்றைப் படித்தோம். 1873-இல் மொலோகாய் தீவுக்குச் சென்று, எல்லோரும் ஒதுக்கிய தொழுநோயாளரோடு வாழ்ந்து, தாமும் அந்நோயுற்று 1889-இல் இறந்தார் அவர். நெவில் பூட்டிய கதவுக்குள்ளிருந்து மற்றவரைப் பார்த்தான். தமியானோ கதவைத் திறந்துகொண்டு போனார். நாம் எல்லோரும் தமியான் ஆக முடியாது. ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து கையசைக்க யாராலும் முடியும்.

எனவே அன்புத் தோழியரே, இவ்வகைப் படங்களைப் பார்க்கும்போது, எஞ்சியவன் எப்படிப் பிழைத்தான் என்று மட்டும் பார்க்காதீர்கள். கதவுக்கு வெளியே நிற்பவர்களின் கண்ணுக்கு அவன் எப்படித் தெரிகிறான் என்றும் எண்ணிப் பாருங்கள். எங்களைப் பொறுத்தவரை, அந்தத் தோழியை மீண்டும் எங்கேனும் சந்தித்தால் முதலில் கையசைப்பது நாங்களாகவே இருப்போம்.