உடையாத முறிவு: செனார் டையோடை அளந்து பார்க்கலாம்

கடலூர் மாவட்டத்து வேப்பூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் விருத்தாசலம் வரும். நெய்வேலிச் சுரங்கப் பக்கத்து வெண்களிமண்ணால் வளர்ந்த பீங்கான் ஊர் அது. அகல் விளக்கும் பொம்மையும் செய்யும் அதே சூளைகளிலிருந்து ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் போன்ற மின்சாரப் பொருள்களும் வெளியே வருகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படிக்க அரசுக் கல்வி நிலையமே அங்கு இருக்கிறது.

மின்சாரப் பீங்கானுக்கு வேலை ஒன்றுதான், மின்சாரத்தைக் கடக்க விடாமல் நிற்பது. அதற்கும் எல்லை உண்டு. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள நல்ல பீங்கான் சுமார் பத்தாயிரம் வோல்ட் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் உள்ளே எங்கோ ஒரு பாதை திறக்கும். அந்தப் பாதையில் மின்னோட்டம் ஏறும், சூடு ஏறும், கடைசியில் துளை விழும் அல்லது பீங்கான் வெடிக்கும். பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை.

மின்கடத்தாப் பொருள் ஏன் இப்படித் திடீரென்று கடத்தத் தொடங்குகிறது? 1934இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்த கிளாரன்ஸ் செனார் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 28. திண்ம மின்காப்புப் பொருள்களின் முறிவைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரையில் டையோடு என்ற பேச்சே இல்லை. அணுக்களோடு பிணைந்திருக்கும் எலக்ட்ரான், தன்னை அடைத்திருக்கும் ஆற்றல் தடையை ஏறிக் கடக்கத் தேவையில்லை. மின்புலம் போதிய அளவு வலுத்தால் தடை மெலிந்துபோகும். அப்போது குவாண்டம் விதிப்படி எலக்ட்ரான் அதை ஊடுருவி மறுபக்கம் தோன்ற முடியும். செனார் கணக்கிட்டுக் காட்டியது இதைத்தான்.

நடைமுறையில் ஒரு பீங்கான் இன்சுலேட்டர் இந்தக் காரணத்தால் பழுதாவதில்லை. அதற்கு முன்பே வெப்பமும் உள்ளிருக்கும் நுண்துளைகளும் அதை வீழ்த்திவிடும். செனாரின் கணக்குக்குப் பொருத்தமான இடம் பதினேழு ஆண்டுகள் கழித்து வேறொரு பொருளில் கிடைத்தது. 1951இல் பெல் ஆய்வகத்தில் வில்லியம் ஷாக்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஜெர்மானியத்தில் செய்த பி–என் சந்தியில் தலைகீழாக மின்னழுத்தம் கொடுத்து, ஓர் எல்லையில் மின்னோட்டம் சட்டென்று பாய்வதைக் கண்டார்கள். அதற்கு செனார் மின்னோட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பிறகு டையோடுக்கும் வந்தது.

பிளஸ் டூ இயற்பியல் செய்முறையில் இந்த டையோடை நம் பிள்ளைகள் அளக்கிறார்கள். பின்னோக்குச் சார்பில் இணைத்து, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மின்னோட்டத்தைக் குறித்து, வரைபடம் போட்டு, முறிவு மின்னழுத்தம் இத்தனை வோல்ட் என்று எழுதி முடிப்பார்கள். அந்த ஒற்றை எண்ணோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. முறிவு மின்னழுத்தம் கடைக்காரரே சொல்லிவிடக்கூடிய எண். டையோடின் மேல் அச்சிட்டிருக்கும் வகை எண்ணே அதைச் சொல்லிவிடும். அளந்து பார்த்தால் மட்டுமே தெரியக்கூடியது அந்தக் கோடு வளையும் விதம். அதிலேதான் இயற்பியல் இருக்கிறது.

முதலில் இணைப்பு. சிறிய கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் டையோடின் ஒரு முனையில் கறுப்புக் கோடு இருக்கும். அது எதிர்மின்முனை. சாதாரண டையோடில் அந்தப் பக்கத்தை மின்கலத்தின் எதிர்முனையோடு சேர்ப்போம். இங்கே நேர்முனையோடு சேர்க்கிறோம். மின்னழுத்தத்தை 0 முதல் 15 வோல்ட் வரை மாற்றக்கூடிய நேர்மின் வழங்கி, டையோடோடு தொடராக ஒரு 470 ஓம் ரெசிஸ்டர், மில்லி ஆம்பியரும் மைக்ரோ ஆம்பியரும் காட்டும் ஒரு மீட்டர், ஒரு வோல்ட் மீட்டர். இவ்வளவு போதும். ரெசிஸ்டர் அரை வாட் தாங்குவதாக இருக்கட்டும்.

அந்த ரெசிஸ்டரை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. 5.6 வோல்ட் டையோடுக்கு 12 வோல்ட் கொடுத்தால் மீதி 6.4 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழும். அதை 470ஆல் வகுத்தால் மின்னோட்டம் 13.6 மில்லி ஆம்பியர். டையோடில் செலவாகும் திறன் சுமார் 76 மில்லி வாட்தான். ஒரு வாட் டையோடு இதை எளிதில் தாங்கும். ரெசிஸ்டர் இல்லையென்றால் மின்னோட்டத்துக்கு எல்லை கட்ட யாரும் இல்லை. பீங்கானுக்கு நேர்ந்ததே டையோடுக்கும் நேரும். சந்திக்குள் இருக்கும் மின்புலம் பீங்கான் தாங்குவதைவிடப் பெரியது. சந்தியின் நடுவில் நகரும் மின்னூட்டங்கள் இல்லாத ‘இயக்கமில்லாப் பகுதி’ ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அகலமே இருப்பதால், ஐந்து வோல்ட்டே அங்கு மில்லிமீட்டருக்கு லட்சம் வோல்ட் என்ற அளவிலான மின்புலத்தை உண்டாக்கிவிடுகிறது. அப்படியிருந்தும் ரெசிஸ்டர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும்வரை சிலிக்கான் படிகம் சேதமடைவதில்லை. மின்னழுத்தத்தைக் குறைத்தால் டையோடு பழைய நிலைக்கே திரும்பிவிடும். முறிவு அதைக் கொல்லாது; சூடுதான் கொல்லும்.

இப்போது அளவீடு. பள்ளி ஆய்வகங்களில் பெரும்பாலும் கவனிக்காமல் போகும் சங்கதி ஒன்று இங்கே இருக்கிறது. வோல்ட் மீட்டரை டையோடின் இரு முனைகளில் நேராக இணைப்பதுதான் வழக்கம். ஆனால் வோல்ட் மீட்டரும் கொஞ்சம் மின்னோட்டம் எடுத்துக்கொள்ளும். முள் நகரும் பழைய மீட்டர், 10 வோல்ட் அளவுள்ளது, வோல்ட்டுக்கு 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால் அதன் மின்தடை 10,000 ஓம். 5 வோல்ட்டில் அது அரை மில்லி ஆம்பியரை, அதாவது 500 மைக்ரோ ஆம்பியரை உறிஞ்சும். முறிவுக்கு முன்பு நல்ல டையோடு கசியவிடுவது சில மைக்ரோ ஆம்பியருக்கும் கீழே. ஆக, மாணவர் சிரத்தையாகக் குறித்துக்கொண்டிருப்பது டையோடின் மின்னோட்டத்தை அல்ல, வோல்ட் மீட்டரின் மின்னோட்டத்தை! கோடு மெல்லச் சரிந்து இறங்குவதுபோல் தெரிந்தால் முதல் சந்தேகம் மீட்டரின் மேல்தான் விழ வேண்டும்.

இதற்கு வழி எளிது. முறிவு வரும்வரை வோல்ட் மீட்டரை டையோடும் அம்மீட்டரும் சேர்ந்த இரண்டுக்கும் குறுக்கே வையுங்கள். அப்போது அம்மீட்டர் வழியே போவது டையோடின் மின்னோட்டம் மட்டுமே. அம்மீட்டரின் மேல் விழும் மின்னழுத்தம் அந்தச் சிறு மின்னோட்டத்தில் பொருட்படுத்தத் தக்கதல்ல. முறிவைத் தாண்டி மில்லி ஆம்பியருக்கு வந்ததும் நிலைமை மாறும். இங்கே மின்னழுத்தம் நூறில் ஒரு வோல்ட் கணக்கில்தான் நகரும் என்பதால், வோல்ட் மீட்டரை டையோடின் முனைகளுக்கே மாற்றிவிட வேண்டும். டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

வளையும் இடம் நெருங்கும்போது மின்னழுத்தத்தைச் சம படிகளில் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, மின்னோட்டத்தைப் பார்த்து ஏற்றுங்கள்: 10 மைக்ரோ ஆம்பியர், 100, பிறகு 1 மில்லி ஆம்பியர், 5. அரை வோல்ட் அரை வோல்ட்டாகத் தாவினால் வளைவு முழுவதும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் தொலைந்துபோகும்.

ஒரே டையோடோடு முடிக்காமல் மூன்றை அளந்து பாருங்கள். 1என்4728ஏ என்பது 3.3 வோல்ட், 1என்4734ஏ என்பது 5.6 வோல்ட், 1என்4742ஏ என்பது 12 வோல்ட். மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை, உருவத்திலும் ஒன்றுபோலவே இருப்பவை. ஆனால் வரைபடத்தில் 12 வோல்ட் டையோடு கிட்டத்தட்ட அசையாமல் இருந்து ஒரே மூலையில் செங்குத்தாக இறங்கும். 3.3 வோல்ட் டையோடோ வெகு முன்பிருந்தே கசிந்து, மெதுவாக வளைந்து இறங்கும். தயாரிப்பாளர்களின் தரவுத்தாளே 12 வோல்ட் டையோடுக்கு 9.1 வோல்ட்டில் அதிகபட்சம் 5 மைக்ரோ ஆம்பியர் கசிவும், 3.3 வோல்ட் டையோடுக்கு வெறும் 1 வோல்ட்டிலேயே 100 மைக்ரோ ஆம்பியர் வரை கசிவும் அனுமதிக்கிறது. அதோடு, 3.3 என்ற எண் 76 மில்லி ஆம்பியரில் அளந்த மதிப்பு. 5 மில்லி ஆம்பியரில் அளந்தால் அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே காட்டும். டையோடு பழுது என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம், இரண்டும் ஒரே முறிவு அல்ல. 3.3 வோல்ட் டையோடில் நடப்பது செனார் சொன்ன ஊடுருவல்தான். 12 வோல்ட் டையோடில் இயக்கமில்லாப் பகுதி அகலமானது. எலக்ட்ரான் அதை ஊடுருவ முடியாது. அதற்குப் பதிலாக, ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும் ஒன்றிரண்டு எலக்ட்ரான்கள் மின்புலத்தில் வேகம் எடுத்து அணுக்களில் மோதிப் புதிய எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. அவையும் மோதுகின்றன, மின்னோட்டம் பெருகுகிறது. இது சரிவு முறிவு. சிலிக்கானில் இதை 1954இல் பெல் ஆய்வகத்தின் கே.ஜி. மெக்கே விளக்கினார். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டதால், செனார் முறிவே இல்லாத டையோடுகளையும் இன்றுவரை செனார் டையோடு என்றே விற்கிறார்கள். 5, 6 வோல்ட்டை ஒட்டிய டையோடுகளில் இரண்டும் கலந்து நடக்கும்.

இதைப் புத்தகத்தை நம்பி ஏற்க வேண்டியதில்லை, மேசையிலேயே சோதிக்கலாம். மின்னோட்டத்தை 5 மில்லி ஆம்பியரில் நிறுத்திவைத்து, ஹேர் டிரையரால் டையோடைச் சூடாக்குங்கள். வெப்பம் ஏறும்போது சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி சற்றுச் சுருங்கும், ஊடுருவல் எளிதாகும், ஆகவே 3.3 வோல்ட் டையோடின் மின்னழுத்தம் இறங்கும். ஒரு டிகிரிக்கு சுமார் 2 மில்லி வோல்ட். 12 வோல்ட் டையோடில் நேர்மாறு. சூட்டில் அணுக்கள் அதிகம் அதிர்வதால் எலக்ட்ரான் வழியிலேயே ஆற்றலை இழக்கிறது, மோதி விடுவிக்க இன்னும் அதிக மின்னழுத்தம் கேட்கிறது. டிகிரிக்கு 8, 9 மில்லி வோல்ட் ஏறும். முப்பது டிகிரி சூடாக்கினால் கால் வோல்ட். ஒரு சாதாரண மல்டிமீட்டரும் இதைத் தெளிவாகக் காட்டும். 5.6 வோல்ட் டையோடு பெரும்பாலும் அசையாது, இரண்டு விளைவுகளும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்வதால்.

மின்னணுவியல் இந்தச் சமநிலையைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. துல்லியமான வோல்ட் மீட்டர்களுக்குள் இருக்கும் ஒப்புநிலை மின்னழுத்தங்கள் 6, 7 வோல்ட்டை ஒட்டி அமைவது தற்செயல் அல்ல. சிலவற்றில் டையோடுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டிச் சூடாக்கியை வைத்து, வெப்பநிலையை மாறாமல் காக்கிறார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் வோல்ட்டை ஒப்பிடக் கொண்டுபோகும் பெட்டிகளிலும் இருப்பது செனார்தான்.

வேப்பூர், விருத்தாசலம் பக்கத்து இயற்பியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பொதுத்தேர்வு செய்முறைக்கு ஒரு டையோடு போதும் என்பது உண்மைதான். என்றாலும் பிள்ளைகள் கையில் மூன்றைக் கொடுங்கள். எல்லாம் சேர்ந்து சில ரூபாய்தான் ஆகும். வீட்டு மின்இணைப்பில் யாரும் கை வைக்காமல், 15 வோல்ட் நேர்மின் வழங்கியிலேயே அளக்கச் சொல்லுங்கள். மூன்று கோடுகளையும் ஒரே வரைபடத்தாளில் வரைய வையுங்கள்.