பாறைக்கேற்ற பிட்: விலையைக் கேட்பதற்கு முன்...

குழாய்க் கிணறு அடிக்கும் மெஷினுக்கு பிட் வாங்க என் கடைக்கு வருபவர்கள் அநேகமாக முதலில் கேட்பது, "காக்கா, ஆறரை இஞ்சி என்ன விலை?" என்றுதான். எந்த ஹெமருக்கு, எந்தப் பாறைக்கு என்று அவர்கள் சொல்வதில்லை. நானும் பல வருடங்கள் கேட்டதில்லை. விலையைச் சொன்னேன், விற்றேன். அப்படி விற்றதில் ஒரு பள்ளிவாசல் கிணறு பாதியில் நின்றுபோனது. அந்தக் கதையைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஆழமானது, பாறை சூழ்ந்தது என்று உலகம் புகழ்கிறது. கப்பலுக்குப் பாதுகாப்பான அதே பாறைதான் கிணறு அடிப்பவருக்குச் சோதனை. இலங்கை நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு பழைமையான கடும்பாறையின் மேல்தான் இருக்கிறது. நமது மாவட்டத்தின் கரையோர மணற்பகுதிகளில் சில அடிகளிலேயே தண்ணீர் கிடைக்கும். ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த ஆழமற்ற கிணறுகள் உப்பாகிப்போனதை நாம் கண்ணால் கண்டோம். உட்பகுதிகளிலோ மேல்மண் தாண்டியதும் கருங்கல். அந்தக் கல்லுக்குள் தண்ணீர் வெடிப்புகளில் மட்டுமே ஓடும். கன்னியா வெந்நீர் ஊற்றுகள் அப்படி ஆழமான வெடிப்புகள் வழியாக மேலே வருபவைதான். ஆகவே கல்லைத் துளைத்து வெடிப்பைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதிலும் குவாட்சைட் எனப்படும் வெள்ளைக் கல் குறுக்கே வந்தால் பிட்டின் ஆயுளைத் தின்றுவிடும். நகரத்தைச் சுற்றியுள்ள மலைமுனைகளில் இந்தக் கல் உண்டு.

பிட் பாறையைக் குடைகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். கடும்பாறையில் நடப்பது குடைதல் அல்ல, குத்துதல். கொம்பிரசர் அனுப்பும் காற்று துளைக்குள் இருக்கும் ஹெமரின் பிஸ்டனை இயக்குகிறது. பிஸ்டன் பிட்டின் தலையில் அடிக்கிறது. பிட்டின் முகத்தில் பதித்த குமிழ்கள், அதாவது பட்டன்கள், கல்லை நொறுக்குகின்றன. வெளியேறும் அதே காற்று பிட் முகத்திலுள்ள துவாரங்களால் வந்து தூளை மேலே தள்ளுகிறது. சுழற்சியின் வேலை, அடுத்த அடி புதிய இடத்தில் விழச் செய்வது மட்டுமே. நிமிடத்துக்கு இருபது சுற்று அளவில் போதும். வேகமாகச் சுற்றினால் வேகமாக இறங்கும் என்று நினைத்து பிட்டைத் தேய்த்துக்கொள்பவர்கள் நம்மவர்களில் ஏராளம். தூள் வெளியேற, துளைக்குள் காற்று நிமிடத்துக்குக் குறைந்தது 3,000 அடி வேகத்தில் எழ வேண்டும். கொம்பிரசர் சிறிதாக இருந்தால் எவ்வளவு நல்ல பிட்டும் தன் தூளையே மறுபடி மறுபடி அரைத்துக்கொண்டிருக்கும்.

பட்டன்கள் உருக்கு அல்ல, டங்ஸ்டன் கார்பைட். ஜெர்மனியில் 1923-ல் இதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. 1926-ல் குருப் கொம்பனி 'வைரம் போல' என்று பொருள்படும் விடியா என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருக்குக்கு எளிதில் மசியாத வெள்ளைக் கல்லை நொறுக்க இது ஒன்றே வழி. ஆனால் கார்பைட் கடினமானது போலவே நொறுங்கக்கூடியதும். பிட் வடிவமைப்பின் முழு வித்தையும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

பட்டனைக் கையில் தடவிப் பாருங்கள். அரை உருண்டையாக இருந்தால் அது உறுதியானது. மெதுவாக இறங்கும், கடும் கல்லைத் தாங்கும். துப்பாக்கித் தோட்டா போல் நீண்டு கூர்மையாக இருந்தால் வேகமாக இறங்கும். ஆனால் வெள்ளைக் கல்லில் முறியும். முகமும் அப்படியே. தட்டை முகம் கடும்பாறைக்கு. நடுவில் குழிந்த முகம் வெடிப்புள்ள பாறையில் துளையை நேராக வைத்திருக்க உதவும். வெளியே புடைத்த முகம் மென்மையான பாறையில் வேகமாகப் போகும்.

ஓரத்தில் சற்றுச் சாய்வாக வரிசையாக இருக்கும் பட்டன்களை வாங்குபவர்கள் கவனிப்பதே இல்லை. துளையின் அகலத்தைத் தீர்மானிப்பவை அவைதான். நடுவில் உள்ளவற்றைவிட அதிக தூரம் ஓடி முதலில் தேய்பவையும் அவையே. அவை தேய்ந்தால் ஆறரை அங்குலத் துளை கீழே போகப்போக ஒடுங்கும். பிறகு அதே துளையில் புதிய பிட்டை இறக்கினால் இறுகிக்கொள்ளும். மோட்டர் பம்பை இறக்கும்போதும் சிக்கும். அனுபவமுள்ளவர்கள் இரண்டு, மூன்று பிட்டுகளை அளந்து வைத்து, பெரியதை முதலிலும் தேய்ந்ததைப் பின்னாலும் போடுவார்கள்.

இனி அந்தக் கிணறு. கந்தளாய்ப் பக்கம் ஒரு பள்ளிவாசல். ஜமாஅத்தார் சேர்த்த பணம், அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. மெஷின்காரர் என்னிடம் வந்தார். கொழும்பில் ஓர் இறக்குமதியாளரிடம் மலிவாக எடுத்த பிட் என்னிடம் இருந்தது, தோட்டா வடிவப் பட்டன். "வேகமாக இறங்கும்" என்று நானே சிபாரிசு செய்தேன். எண்பது அடி வரை சொன்னபடி இறங்கியது. அதன்பின் வெள்ளைக் கல். பட்டன்கள் முறிந்து துண்டுகள் அடியிலேயே கிடந்தன. அதை அறியாமல் இறக்கிய இரண்டாவது பிட்டின் முகத்தை அந்தக் கார்பைட் துண்டுகளே சிதைத்துவிட்டன. 130 அடியில் துளையைக் கைவிட்டார்கள். தண்ணீர் இல்லை. அடித்த அடிக்குக் கூலி வேண்டும் என்றார் மெஷின்காரர். தண்ணீரில்லாத துளைக்கு ஏன் கூலி என்றார்கள் நிர்வாகிகள். அஸருக்குப் பின் தொடங்கிய பேச்சு இஷா வரை போனது.

பிட்டின் விலையை நான் திருப்பிக் கொடுத்தேன், அவர் கூலியில் பாதியை விட்டார். ஆனாலும் மனம் ஆறவில்லை. ஐபை மறைத்து விற்கக் கூடாது என்பது நமக்குத் தெரியும். அந்தப் பிட்டில் ஐப் இல்லையே, அது மென்பாறைக்கு நல்ல பிட்தானே? ஒரு மௌலவியிடம் கேட்டேன். "அது கல்லுக்கு ஆகாது என்று தெரிந்தா விற்றீர்கள்?" என்றார். தெரியாது என்றேன். "இருபது வருடமாக இதைத்தானே விற்கிறீர்கள்" என்றார். அதற்குப் பிறகுதான் பிட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

படித்ததில் என் வியாபாரத்தை மாற்றியது ஒரு கணக்கு. பிட்டின் விலையை அது அடிக்கும் அடியால் வகுக்க வேண்டும். மெஷினின் மணிச் செலவை ஒரு மணிக்கு இறங்கும் அடியால் வகுத்து அதோடு கூட்ட வேண்டும். உதாரணத்துக்கு மட்டும் சொல்கிறேன்: மணிச் செலவு 12,000 ரூபா என்று வையுங்கள். 60,000 ரூபா பிட் 500 அடி அடித்து மணிக்கு 30 அடி இறங்கினால், அடிக்கு 120-ம் 400-ம் சேர்ந்து 520 ரூபா. 120,000 ரூபா பிட் 2,000 அடி அடித்து மணிக்கு 40 அடி இறங்கினால், 60-ம் 300-ம் சேர்ந்து 360 ரூபா. இரட்டை விலை பிட்தான் மலிவு. 2022 தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த டீசல் அந்த ஜூன் இறுதியில் 460 ஆனபோது, இந்தக் கணக்கைப் போடாதவர்கள் ஒவ்வோர் அடிக்கும் கைக்காசைக் கொடுத்துத்தான் கிணறு அடித்தார்கள்.

பிட்டின் ஆயுளைக் கூட்டும் மலிவான வழி தீட்டுவது. பட்டனின் தலையில் தட்டையான வட்டம் விழும். அதன் அகலம் பட்டனின் அகலத்தில் மூன்றில் ஒன்றை எட்டியதும் நிறுத்தி, தண்ணீர் விட்டபடி அரைத்து உருண்டையாக்க வேண்டும். தண்ணீரில்லாமல் அரைத்தால் சூட்டில் கார்பைட் வெடிக்கும். "இன்னும் ஒரு கிணறு ஓடட்டும்" என்று விடுபவர்களின் பிட்டில்தான் பட்டன் முறிகிறது.

கடைசியாக, பிட்டின் வால். ஆறு அங்குல ஹெமர் என்று மட்டும் சொன்னால் போதாது. டீஎச்டி 360, கியூஎல் 60, மிஷன் 60 எல்லாம் ஆறு அங்குலம்தான், ஆனால் ஒன்றின் வால் மற்றதில் பொருந்தாது. பெட்டியில் உள்ள பெயரும் குழப்பும். அட்லஸ் கொப்கோவின் பாறைத் துளையிடல் பிரிவு 2018 முதல் எபிரொக் என்ற தனிக் கொம்பனி. பழைய பெயரைத் தேடி, 'அசல் இல்லை' என்று திரும்பிப் போனவர்களும் உண்டு.

இப்போது என் பில்லில் ஹெமர் வகை, பட்டன் வடிவம், எந்தக் கல்லுக்கு என்ற மூன்றையும் எழுதித்தான் கொடுக்கிறேன். பிட் வாங்க வருபவர்கள் தேய்ந்த பழைய பிட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், அடுத்து எது வேண்டும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.