ஒரு லட்சம் டவுன்லோடு... ஒரு லட்சம் பேரா?

'சரவணம்பட்டி' என்ற பெயரில் எத்தனை எழுத்துகள்? விரல்விட்டு எண்ணினால் எட்டு. கம்ப்யூட்டரைக் கேட்டால் '11' என்கிறது! 'ம்', 'ட்', 'டி' மூன்றையும் அது இரண்டிரண்டாக எண்ணுவதுதான் காரணம். தமிழ் எழுத்துகளை நாம் எண்ணுவதுபோலவே எண்ணித்தரத் தன்னார்வலர்கள் எழுதிய இலவச நிரல் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'ஓப்பன் தமிழ்'.

இப்படி ரெடிமேடாகக் கிடைக்கும் நிரல்களை 'பேக்கேஜ்' என்கிறார்கள். பைத்தான் மொழிக்கு 'பைபிஐ', ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 'என்பிஎம்' என்று இணையத்தில் இவற்றுக்கான பொதுக் கிடங்குகள் உண்டு. சத்தி ரோடு ஐ.டி. ஊழியர்கள் முதல் கல்லூரி மாணவர்கள் வரை எல்லோரும் இங்கிருந்துதான் இறக்கிக்கொள்கிறார்கள். எதை எடுப்பது என்று குழம்பும்போது பலரும் முதலில் பார்ப்பது, 'எத்தனை டவுன்லோடு?' என்பதைத்தான்.

டிக்கெட் வேறு... பயணி வேறு!

சரவணம்பட்டியிலிருந்து காந்திபுரத்துக்கு மாதம் 25 நாள் பஸ்ஸில் வேலைக்குப் போகிறார் ஒருவர். போக, வர 50 டிக்கெட். ஆனால், பயணி ஒருவர்தானே? டவுன்லோடு கணக்கும் அப்படித்தான். ஆப்பில் ஒரு வரியைத் திருத்தினாலே, அதைச் சோதிக்கும் சர்வர் பேக்கேஜ்களை மறுபடி இறக்குவது சகஜம். கிடங்கை அப்படியே நகலெடுத்து வைக்கும் சர்வர்களும் இந்தக் கணக்கில் சேரும். ஒரு பேக்கேஜை இறக்கினால், அதற்குத் தேவையான மற்றவையும் கூடவே வந்து இறங்கும்.

தலைகீழாகவும் நடக்கும். வீட்டில் ஒரு வார இதழ் வாங்கினால் ஐந்து பேர் படிப்பதில்லையா? அதுபோல, பெரிய அலுவலகங்கள் ஒருமுறை இறக்கித் தங்கள் சர்வரில் வைத்துக்கொள்ளும். நூறு பேர் பயன்படுத்தினாலும், கணக்கில் ஒன்றுதான்!

எங்கே பார்ப்பது?

என்பிஎம் தளத்தில், ஒவ்வொரு பேக்கேஜின் பக்கத்திலும் வாராந்தர எண்ணிக்கை இருக்கும். பைபிஐ தன் பக்கத்தில் காட்டுவதில்லை. அதன் விவரங்கள் கூகுளின் 'பிக்குவெரி'யில் பொதுவில் கிடைக்கின்றன. 'பைபிஐ ஸ்டாட்ஸ்' என்ற தளம் நாள், வாரம், மாதம் என்று பிரித்துக் காட்டுகிறது. நகல் சர்வர்களைக் கழித்துவிட்டும் பார்க்கலாம். ஒரு நாள் கணக்கை நம்பாமல், சில மாத ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதே நல்லது.

எண்ணிக்கை காப்பாற்றாது!

2016 மார்ச்சில், ஒரு பெயர்த் தகராறில் கோபமான ஒருவர், தன் பேக்கேஜ்களை எல்லாம் என்பிஎம்மிலிருந்து நீக்கினார். அதில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. வெறும் 11 வரி! மாதம் சுமார் 25 லட்சம் முறை இறங்கிக்கொண்டிருந்த அது இல்லாமல், உலகெங்கும் பல மென்பொருள்களை உருவாக்கும் வேலை சட்டென்று நின்றது.

2018-ல் நடந்தது இன்னும் மோசம். 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' வாரம் சுமார் 20 லட்சம் முறை இறங்கிய பேக்கேஜ். சம்பளமில்லாமல் அதைப் பராமரித்துச் சலித்துப்போனவர், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் திருடும் நிரலை உள்ளே நுழைத்துவிட்டார். வாரக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. லட்சக்கணக்கில் இறங்கிய பொருளைக் காவல் காக்க ஆள் இல்லை!

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது?
* எத்தனை பேர் பராமரிக்கிறார்கள்? புகார்களுக்குப் பதில் வருகிறதா?
* பெயரில் எழுத்து மாறியிருக்கிறதா? பிரபலமான பெயரைச் சற்றே மாற்றி வைத்து ஏமாற்றுபவர்கள் உண்டு.
* எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?

உங்களுக்குப் பயன்பட்ட இலவச பேக்கேஜை எழுதியவருக்கு ஒரு நன்றி அனுப்புங்கள். தன் உழைப்பு இயந்திரத்துக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரியும் வழி அதுதான்.

உலகப் பிரபலமான பேக்கேஜ்களுக்குப் பக்கத்தில் தமிழ் பேக்கேஜ்களின் டவுன்லோடு சின்னதாகத்தான் தெரியும். ஆனால், 'சரவணம்பட்டி' எட்டு எழுத்து என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க அவைதானே வேண்டும்!